‘இல்லை’ என்று சொல்லும் தீவுகள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். எதையும் அரைகுறையாகச் செய்யாத மனிதர்.

“ஏனுங்க, ஜனவரியில அந்தமான் போறமுங்க. ஓட்டல்ல ரூம் போட்டுக்கிட்டு, கூட்டத்தோட கூட்டமா கப்பல்ல ஏறி இறங்கறதெல்லாம் வேண்டாமுங்க. ரெண்டு குடும்பம், எட்டுப் பேரு, ஏழு நாளு. ஒரு யாட்டை முழுசா வாடகைக்கு எடுத்துக்கலாம்னு இருக்கறனுங்க. நெனச்ச தீவுல நிறுத்தி, நெனச்ச நேரத்துக்குக் கிளம்பலாம். அந்த அம்பு விடறவங்க இருக்கற தீவையும் தூரத்துல இருந்து ஒரு சுத்து பாத்துப்போடலாம். காசு ஒரு பிரச்னை இல்லீங்க.”

காசு பிரச்னை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரச்னை அந்த ‘நெனச்ச’ என்ற வார்த்தையில் இருக்கிறது. இதே ஆசையோடு அந்தமானுக்குத் திட்டம் போடும் வாசகர்கள் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

முதலில் படகு. சமையல் இடம், படுக்கை அறை, கழிவறை எல்லாம் உள்ளே அடங்கிய, பாயிலும் எஞ்சினிலும் ஓடக்கூடிய படகைத்தான் யாட் என்கிறார்கள். ஒற்றை உடல் கொண்டது ஒரு வகை. இரண்டு உடல்களை நடுவே தளம் போட்டு இணைத்தது இன்னொரு வகை. அதற்குப் பெயர் கட்டமரான். நம் மீனவர்களின் கட்டுமரம்தான் பெயரளவில் ஆங்கிலத்துக்குப் போய், உருவம் மாறி, குளிர்சாதனமும் மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. சுமார் 40 அடி நீளமுள்ள கட்டமரானில் நான்கு அறைகளில் எட்டுப் பேர் படுக்கலாம். காற்றில் அதிகம் சாயாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுதான் உகந்தது.

வாடகைக்கு எடுப்பதில் இரண்டு வழிகள் உண்டு. படகை மட்டும் எடுத்துக்கொண்டு நாமே ஓட்டுவது ஒன்று. கேப்டன், சமையல்காரரோடு எடுப்பது மற்றொன்று. தாய்லாந்தின் புக்கெட்டில் இரண்டும் நடக்கின்றன. அங்கே யாட்டுகளுக்கென்றே கட்டிய மரீனாக்கள் இருக்கின்றன. புக்கெட்டும் போர்ட் பிளேரும் ஒரே அந்தமான் கடலின் இரு கரைகள்தான். இடையே சுமார் 400 கடல் மைல். ஆனால் இந்தக் கரையில் வாடகைக்குக் கிடைக்கும் யாட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவையும் கேப்டனோடு வருபவை. நல்ல கேப்டன் கிடைத்தால் பயணத்தில் பாதி முடிந்த மாதிரி. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹேவ்லாக் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு ஆயிற்று. நீல், ஷஹீத் தீவு ஆயிற்று. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதிய பெயர் இருக்கும். பேச்சில் பழைய பெயர் இன்னும் போகவில்லை. குழப்பம் வேண்டாமென்று பழைய பெயர்களையே எழுதுகிறேன்.

இனி வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். தீவு, குட்டித் தீவு, கடலில் தலைநீட்டும் பாறை எல்லாம் சேர்த்து அரசுக் கணக்கில் 836. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மனிதர்கள் வசித்தவை 31. மீதி எல்லாம் காலி, எனவே நமக்குத்தான் என்று நண்பர் நினைத்ததில் வியப்பில்லை. உண்மை நேர்மாறானது. அங்கே பெரும்பாலான தீவுகள் சுற்றுலாப் பயணியைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்கின்றன. சில தீவுகளில் சட்டம் சொல்கிறது. சில இடங்களில் வனத்துறை சொல்கிறது. மற்ற இடங்களில் கடலே சொல்கிறது. இந்த மூன்று ‘இல்லை’களையும் முதலில் குறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் இடத்தில் திட்டம் போடுவதுதான் அந்தமானில் யாட் பயணத்துக்குச் சரியான முறை.

சட்டம் சொல்வதிலிருந்து ஆரம்பிக்கலாம். நண்பர் சுற்றிப் பார்க்க விரும்பியது வடக்கு சென்டினல் தீவு. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி அங்கே இறங்குவது மட்டுமல்ல, தீவை நெருங்குவதும் குற்றம். சுற்றிலும் ஐந்து கடல் மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம், தடை செய்யப்பட்ட கடல். தெற்கு, நடு அந்தமான் தீவுகளின் மேற்குக் கரை ஜாரவா மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி. கரையோரக் கடலும் அதில் சேர்த்தி. நிகோபார் தீவுகள் முழுவதும் சுற்றுலாவுக்கு இல்லை. தக்க காரணத்தோடு நிர்வாகத்தின் பழங்குடிப் பகுதி அனுமதி பெற்றவர்கள்தான் போகமுடியும்.

இது ஏதோ அதிகாரிகளின் வீண் கெடுபிடி அல்ல. 1858-ல் ஆங்கிலேயர்கள் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றத்தை நிறுவியபோது கிரேட் அந்தமானியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1877-ல் தட்டம்மை பரவியது. அதற்கு முன்னும் பின்னும் வேறு நோய்கள். இன்று அந்த இனத்தில் எஞ்சியிருப்பவர்கள் சில பத்துப் பேர். நமக்கு மூன்று நாள் ஜலதோஷமாக வந்து போவது, வெளியுலக நோய்களை அறியாத ஒரு கூட்டத்தையே முடித்துவிடக்கூடும். சென்டினல் தீவிலிருந்து வரும் அம்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

2018-ல் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிநாட்டினருக்கான தடைப்பகுதி அனுமதி விதியிலிருந்து 29 தீவுகளுக்கு மத்திய அரசு விலக்கு அளித்தது. பட்டியலில் வடக்கு சென்டினலும் இருந்தது. ஆனால் பழங்குடியினர் பாதுகாப்பு விதி அப்படியே இருந்தது. ஒரு பூட்டைத் திறந்தார்கள். இன்னொரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஒருவர் மதம் பரப்பும் நோக்கத்தோடு மீனவர்களுக்குப் பணம் கொடுத்து அந்தத் தீவுக்குப் போனார். திரும்பவில்லை. அவரைக் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். ஆசைப்பட்டவர் ஒருவர், படகு ஓட்டிப் பிழைப்பவர்கள் சிறைக்குப் போனார்கள். “தூரத்துல இருந்து ஒரு சுத்து” என்று நாம் கேட்கும்போது, கேப்டனிடம் அவருடைய பிழைப்பைப் பணயம் வைக்கச் சொல்கிறோம் என்பது நினைவிருக்க வேண்டும்.

அடுத்தது வனத்துறை. போர்ட் பிளேருக்குத் தெற்கே வண்டூர் பக்கத்துத் தீவுகள் 1983 முதல் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. ஹேவ்லாக்குக்கு அருகே ரிச்சி தீவுக்கூட்டத்தின் ஒரு பகுதி 1996 முதல் ராணி ஜான்சி கடல்சார் தேசியப் பூங்கா. இவற்றில் இறங்க அனுமதி வேண்டும். இரவு தங்கலாம் என்று நீங்களாக முடிவு செய்யமுடியாது. ஜாலி பாய் தீவுக்குப் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோக விடுவதில்லை. நங்கூரம் எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். மணலில் போடலாம், பவளத்தின் மேல் போடக்கூடாது. பாறை போல் திரளும் பவளம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஓர் ஆள் உயரத்துக்கு வளர்ந்த பவளம் சோழர் காலத்துக் கோயிலைப் போலப் பழசில்லை என்றாலும் சில தலைமுறைகளைக் கண்டது. ஒரு சங்கிலி இழுப்பில் அது உடையும். 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமானின் பவளப்பாறைகள் பெருமளவு வெளுத்துப்போயின. எஞ்சியதை உடைக்காமல் திரும்புவது நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது ‘இல்லை’ கடலுடையது. சட்டத்தை ஏமாற்றியவர்கள் உண்டு. இதை ஏமாற்ற முடியாது.

அந்தமானில் நம் கடிகாரம் ஓடுகிறதே தவிர, சூரியன் வேறு கணக்கில் போகிறது. அவ்வளவு கிழக்கே இருப்பதால் டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்து, ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நீருக்குள் இருக்கும் பவளப்பாறை, சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் படகிலிருந்து கண்ணுக்குத் தெரியும். வெயில் சாய்ந்தால் நீர்ப்பரப்பு கண்ணாடியாகிவிடும். அடியில் பாறை இருந்தாலும் தெரியாது. ஆகவே காலையில் நேரத்தோடு பாய் விரித்து, மூன்று மணிக்குள் நங்கூரம் போட்டுவிட வேண்டும். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்கு முடித்து, நான்கு மணிக்குக் கிளம்பலாம் என்ற நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது.

வரைபடத்தையும் முழுதாக நம்புவதற்கில்லை. 2004 டிசம்பர் 26-ம் தேதி பூகம்பம் சுனாமியை மட்டும் கொண்டுவரவில்லை, தீவுகளையே சாய்த்துவிட்டது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பவளத்திட்டுகள் வெளியே வந்து காய்ந்து செத்தன. போர்ட் பிளேர் பகுதி சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. தென்கோடியில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் போய்விட்டது. பழைய அளவுகளை வைத்து ஆழம் பார்ப்பவர் தரைதட்டி நிற்கக்கூடும். எந்தக் குடாவில் இப்போது எவ்வளவு தண்ணீர் என்பது, அங்கே தினமும் போய் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். அந்தமான் கேப்டனின் மதிப்பு இங்கேதான்.

காற்றுக்கும் காலம் உண்டு. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று; உல்லாசப் பயணத்துக்கு ஏற்றதல்ல. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் சாந்தம். வடகிழக்கிலிருந்து மிதமான காற்று. நவம்பர், டிசம்பரில் புயல் அபாயம் தீர்ந்திருக்காது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் போய்தான் மீட்டன. அந்தக் காற்றழுத்தம்தான் வர்தா புயலாகி டிசம்பர் 12-ம் தேதி சென்னையின் மரங்களை அடியோடு சாய்த்தது. நமக்கு வர்தாவாக வந்தது, அங்கே பெயர் வைப்பதற்கு முன்பே பயணங்களைக் கலைத்துவிட்டது.

இவ்வளவையும் நான் நண்பருக்கு விளக்கியதற்கு ஒரு தேதி காரணம். 2014 ஜனவரி 26. குடியரசு தினம். போர்ட் பிளேர் நகரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் இடையே, சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகப் போயிருந்த நம்மவர்கள். நடுக்கடல் அல்ல, புயல் நாள் அல்ல. படகில் அனுமதித்த எண்ணிக்கையைவிட மிக அதிகமான பேர் ஏற்றப்பட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் ‘இல்லை, இடமில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் யாரும் சொல்லவில்லை.

நாம் பயணம் போகும் விதத்தையும் இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. லீவு நாட்களை எண்ணி, ஒரு நாளுக்கு மூன்று இடம் என்று பட்டியல் போட்டு, கடைசி நாள் மாலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, “பணம் கட்டியாச்சு, எப்படியாவது கூட்டிட்டுப் போயிடுங்க” என்று படகுக்காரரை நெருக்குகிறோம். அந்த நெருக்கடிக்கு ஒருவர் இணங்கும் இடத்தில்தான் விபத்து தொடங்குகிறது. யாட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்தவருக்கு இந்தத் தோரணை இன்னும் கூடுதலாக வரும். முதலாளி தான்தானே என்று தோன்றும். கடலில் அப்படி இல்லை. கேப்டன் புறப்படமாட்டேன் என்றால் அதோடு பேச்சு முடிந்தது.

சரி, போகக்கூடாத இடங்களைச் சொன்னால் போதுமா? போகக்கூடியவையும் குறைவில்லை. ஏழு நாள் படகு கையில் இருந்தால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் போர்ட் பிளேரிலேயே. அனுமதிச் சீட்டுகளைச் சரிபார்த்து, அபர்டீன் பஜாரில் காய்கறி, அரிசி வாங்கி, குடிநீர் நிரப்பிக்கொள்ள வேண்டும். கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதம் தமிழர்கள். இரண்டாம் நாள் நீல் தீவு. சுமார் 20 கடல் மைல். யாட்டின் வேகம் மணிக்கு ஐந்தாறு கடல் மைல்தான் என்பதால் நான்கு மணி நேரப் பயணம். மூன்றாம் நாள் அங்கிருந்து பத்து கடல் மைலில் ஹேவ்லாக். ராதாநகர் கடற்கரையில் அந்தி பார்க்கலாம். நான்காம் நாள், அனுமதி இருந்தால், ரிச்சி தீவுக்கூட்டத்தில் ஒரு பகல். ஐந்தாம் நாள் லாங் ஐலண்ட். லாலாஜி பே என்ற அமைதியான மணற்கரை. திட்டத்தை இதோடு நிறுத்திவிடுங்கள். மீதி இரண்டு நாட்கள் திரும்பி வருவதற்கும், காற்று ஒத்துழைக்காவிட்டால் சும்மா நிற்பதற்கும். சென்னை விமானத்துக்குப் படகை விட்டு இறங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ டிக்கெட் எடுங்கள்.

பாரன் தீவு எரிமலையைப் பார்க்க ஆசைப்படுவீர்கள். இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. ஒன்றரை நூற்றாண்டு உறங்கிவிட்டு 1991-ல் விழித்தது. போர்ட் பிளேரிலிருந்து 135 கிலோமீட்டர். ஹேவ்லாக்கிலிருந்து போனாலும் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது, ராத்திரிப் பயணம். தீவில் இறங்க விடமாட்டார்கள், படகிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை சில. படகின் பதிவும் தகுதிச் சான்றும் நடப்பில் இருக்கிறதா? எத்தனை பயணிகளுக்கு அனுமதி? ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, குழந்தைகள் அளவிலும், இருக்கிறதா? காப்பீடு உண்டா? ரேடியோ வேலை செய்கிறதா? சென்னையிலிருந்து 2020-ல் வந்த கடலடிக் கேபிள் ஊர்களில் செல்போனைச் சீராக்கியிருக்கிறதே தவிர, ஆளில்லாத குடாக்களில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. சாட்டிலைட் போனை உரிமமில்லாமல் கொண்டுபோவது சட்டவிரோதம். வாடகையில் டீசல், சாப்பாடு, பூங்காக் கட்டணம் அடங்குமா? வானிலையால் பயணம் ரத்தானால் பணம் என்னவாகும்? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். பணம் போய்விடுமே என்ற கவலைதான் பலரைத் தவறான நாளில் கடலுக்குள் தள்ளுகிறது. இன்னொன்று: சதுப்புநிலம் உள்ள கழிமுகங்களில் உப்புநீர் முதலை உண்டு. 2010 ஏப்ரலில் ஹேவ்லாக்கிலேயே ஓர் அமெரிக்கப் பெண் முதலைக்குப் பலியானார். எங்கே குளிக்கலாம் என்பதையும் கேப்டனே சொல்லட்டும்.

ஒரு குறையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நிகோபாருக்கு நாம் போகக்கூடாது என்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே கிரேட் நிகோபாரில் பெரிய சரக்குத் துறைமுகம், விமான நிலையம், நகரியம் என்று ஒரு திட்டத்துக்கு 2022 நவம்பரில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குத் தேவைப்படுகிறது. துறைமுகம் வரும் கலாத்தியா குடாவின் கரை, உலகின் மிகப் பெரிய கடலாமை இனம் முட்டையிட வரும் இடம். தீவின் காட்டுக்குள் வாழ்பவர்கள் ஷோம்பென் மக்கள். எட்டுப் பேர் கொண்ட படகுக்கு நியாயமாகவே மூடியிருக்கும் கதவு, சரக்குக் கப்பல்களுக்கு மட்டும் எப்படித் திறக்கிறது? ‘இல்லை’ என்ற சொல் சின்னவர்களிடம் மட்டும் செல்லுபடியாகும் என்றால், அதை மதிக்கும்படி யாரிடமும் சொல்வது கடினமாகிவிடும்.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் நிகோபார் மாநக்கவாரம் என்று குறிக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரம் நோக்கிப் போன படை அது. பாய்மரத்தை நம்பியிருந்த காலத்தில் பருவக்காற்று திரும்பும்வரை பேரரசனின் படையும் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருப்பதில் நமக்கென்ன கௌரவக் குறைச்சல்?

நேற்று நண்பர் மறுபடி அழைத்தார். போர்ட் பிளேரில் ஒரு கேப்டனிடம் பேசினாராம். ராமநாதபுரத்துப் பூர்வீகம்; தாத்தா காலத்திலேயே அங்கே போய்விட்ட குடும்பம்.

“நீங்க சொன்ன மாதிரியே, எதெல்லாம் செய்ய மாட்டீங்கன்னு கேட்டனுங்க. இருட்டுனா நகரமாட்டாராம். ஒன்பதாவது ஆளை ஏத்தமாட்டாராம். வானிலை எச்சரிக்கை வந்தா புறப்படமாட்டாராம். மேற்குக் கரைப் பக்கம் பேச்சே எடுக்காதீங்கன்னுட்டார். ரொம்பக் கறாரான ஆளுங்க.”

“அப்புறம்?”

“அவரையே பேசி முடிச்சுப்போட்டனுங்க.”